பின்னட்டை இல்லாத இதழ்

எங்கள் பக்கத்துத் தக்காளிக்காரர்கள் கையில் ஒரு பத்திரிகை கிடைத்தால் முதலில் அதைக் குப்புறத் திருப்புவார்கள். முன்னட்டையில் யார் சிரிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தேவையில்லை. சசிகலா அக்கா நடத்தும் ‘தோட்டக்கூடை’ மாத இதழ் அவர்களை அப்படிப் பழக்கிவிட்டது. அதன் பின்னட்டையில் மாதம் ஓர் இலை வரும். நோய் பிடித்த தக்காளி இலை, செடியில் இருக்கும் அதே அளவில், அதே நிறத்தில். தங்கள் தக்காளிக் காட்டிலிருந்து கிள்ளி வந்த இலையைப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பொருந்தினால்தான் இதழைத் திறந்து, உள்ளே என்ன செய்யச் சொல்லியிருக்கிறது என்று படிப்பார்கள். பொருந்தாவிட்டால் இரண்டாக மடித்து மோட்டார் ரூமில் செருகிவைப்பார்கள், வேறோர் இலை காயும் நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று.

அக்காவுக்கு நாற்பத்தைந்து வயது. பத்திரிகைக்கு வருவதற்கு முன் பாலக்கோட்டில் ஓர் உரக்கடையில் பதினோரு வருடம் பில் போட்டவர். கடைக்கு வருகிறவர்கள் சட்டைப் பையிலிருந்தும் மடியிலிருந்தும் இலைகளை எடுத்துக் கல்லா மேசையில் வைத்து, “இதுக்கு என்னாங்க அடிக்கறது?” என்பார்கள். முதலாளி மருந்து எடுத்துத் தருவார். அக்கா பில் எழுதுவார். அவர்கள் போன பிறகு, விட்டுச்சென்ற இலையை அந்தப் பில்லின் நகலுக்கு அடியிலேயே வைத்து பில் புக்கை மூடிவிடுவார். முதலாளி ஒருநாள் பார்த்துவிட்டு, “இது பில் புக்காம்மா, புல் புக்காம்மா?” என்று கேட்டாராம். கேட்டாரே தவிர, தீர்ந்துபோன பில் புக்குகளை வருடக் கடைசியில் அக்காவிடமே கொடுத்துவிட்டார்.

அப்படிச் சேர்ந்தவை நாற்பதுக்கும் மேற்பட்ட பில் புக்குகள். காய்ந்த இலையில் நிறம் நிற்காது. அதனால் அதிலுள்ள ஒவ்வோர் இலைக்கும் சோடியாகப் பச்சையில் ஒன்றைக் காடு காடாகத் தேடிப்போய்ப் படம் எடுத்தார். இருநூற்று அறுபது படங்கள். எட்டு வருடத்துக்கு முன் ‘தோட்டக்கூடை’யை ஆரம்பித்ததே அவற்றைப் பத்துப் பேர் பார்க்கட்டும் என்றுதான். ஆனால் அச்சில் வண்ணம் கிடைப்பது அட்டைக்கு மட்டும். மாதம் ஓர் இலை, வருடத்துக்குப் பன்னிரண்டு.

“எல்லா எலையும் வெளிய வர்றதுக்கு இன்னும் பதினாலு வருசம் ஆவுங்க” என்றார் ஒருநாள், கணவரிடம்.

“அதுக்குள்ள புது நோவு நாலு வந்துரும்” என்றார் மாதவராஜ்.

மாதவராஜ் அண்ணன் பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு கணினி. அதுதான் இதழின் அலுவலகம். அதில் உட்கார்ந்து பக்கம் வடிவமைப்பது என் வேலை. கட்டுரை முடிந்து பத்தியின் அடியில் இடம் மிஞ்சினால் நான் எழுதிய நான்கு வரிக் கவிதை ஒன்றை வைத்துவிடுவேன். அக்கா பிழை பார்க்கும்போது அங்கே வந்ததும் நிறுத்தி, “தமிழு, இது எந்தப் பூச்சிக்கு?” என்பார். எடுக்கச் சொன்னதில்லை.

இதழை டேப்லெட்டிலும் கொண்டுவரும் யோசனை அக்காவுக்கு ஓர் உறவினர் வீட்டில் வந்தது. கொரோனா காலத்தில் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய டேப், இப்போது அரிசி டின்னுக்கு மூடியாகக் கிடந்தது. இன்னொரு வீட்டில் கண்ணாடி விரிசல் விட்ட ஒன்று பீரோ மேல். பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள், அவர்கள் கையில் போன் வந்துவிட்டது. “வூட்டுக்கு வூடு ஒண்ணு சும்மா கெடக்குதுங்க. எலைய வெக்கற அளவுக்கு அகலம். அதுல வண்ணத்துக்கு அளவே இல்ல” என்று அன்று மாலையே கடைக்கு வந்து சொன்னார். பொம்மிடியிலிருக்கும் முருகேஷ் என்ற பையன் செயலி செய்பவன், அவனைப் பிடித்தார்கள்.

ஏப்ரலில் முதல் டேப்லெட் பதிப்பு வந்தது. அச்சு இதழின் முப்பத்திரண்டு பக்கங்களும் அப்படியே. முடிவில், பின்னட்டை இருக்கவேண்டிய இடத்தில், ஒன்றுக்குப் பதில் இருபது இலைகள். நாங்கள் மூன்று பேரும் கடையில் உட்கார்ந்து அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தோம். அக்கா ஒவ்வோர் இலையையும் யார் கொண்டுவந்தது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

பிறகு போன்கள் வர ஆரம்பித்தன. இதழ் இறங்கவே மாட்டேன் என்கிறது, சிக்னலுக்காக பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றோம், பாதி இறங்குவதற்குள் பஸ் வந்துவிட்டது என்றார்கள். முருகேஷ் படக் கோப்புகளின் எடையைக் குறைத்தான். பெரிய டேப் வைத்திருந்த ஒருவர், “இது தக்காளி எலையா, வாழ எலையா?” என்று கேட்டார். டேப்புக்கு டேப் அளவு மாறுவதை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை. அதற்கு அக்காவே ஒரு வழி சொன்னார்: முதல்முறை திறக்கும்போது திரையில் ஒரு வட்டம் வரும். அதன்மேல் அஞ்சு ரூபாய்க் காசை வைத்து, வட்டம் காசளவுக்கு வரும்வரை விரலால் இழுத்துவிட்டால் போதும், இலை தன் அளவுக்கு வந்துவிடும். ஜூனில் பத்துப் பதினைந்து பேர் ஒரே புகாரைச் சொன்னார்கள். எல்லா இலையும் மஞ்சளாக இருக்கிறதாம். பிள்ளைகளின் கண் கெடக்கூடாது என்று ஆன்லைன் வகுப்பு நாளில் போட்டுவைத்த மஞ்சள் வெளிச்சத்தை யாரும் அணைக்கவே இல்லை. அக்கா ஒவ்வொருவரிடமும் போனில் பேசி அதை அணைக்க வைத்தார். ஒருவர் அணைத்துவிட்டு, “அடடா, என் பேத்தி போட்டோ கூட இப்பத்தாம்மா வெள்ளையா தெரியுது” என்றாராம்.

இவ்வளவும் செய்ததில் அச்சு இதழ் தொடர்ந்து இரண்டு மாதமும் ஒரு வாரம் பிந்தியே வந்தது. தக்காளி மண்டியில் மாதவராஜ் அண்ணனை நிறுத்தி, “என்னப்பா, உங்கூட்டுக் கூடை இன்னும் வரல?” என்று கேட்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் முடிவில் முருகேஷ் ஒரு கணக்கு அனுப்பினான். எத்தனை பேர் எந்தப் பக்கம் வரை போகிறார்கள் என்று செயலி காட்டிக்கொடுக்கும். நூற்று நாற்பத்து மூன்று பேர் திறக்கிறார்கள். மூன்றாம் பக்கம் வரை வருகிறவர்கள் அறுபது. கடைசியிலிருக்கும் இலைகளுக்கு வந்தவர்கள் ஏழு பேர்.

“அதுல நாலு பேரு நாமதான்” என்றார் மாதவராஜ். “நீ, நானு, தமிழு, முருகேசு.”

அக்கா, ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண்ணின் ஆதார் அட்டையை வாங்கி, தானே போய் இயந்திரத்தில் வைத்தார்.

“சசி, கோச்சுக்காத. அக்டோபர் இதழ் வரைக்கும் பாப்போம். ஒரு அம்பது பேராச்சும் எலை வரைக்கும் வந்தாங்கன்னா நடத்து, நானே கூட நிக்கறேன். இல்லன்னா இத வுட்டுட்டு அச்ச நேரத்துக்குக் கொண்டு வா. ரெண்டையும் ஒரே ஆளு தூக்கி நடக்க முடியாது.”

“அம்பதுதானுங்களே?”

“அம்பதுதான்.”

“செரிங்க” என்றார் அக்கா. இரண்டு பக்கமும் எடுத்த நகலை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் கேட்டது ஒரு பக்கம்.

அடுத்த திங்கட்கிழமை காலை அக்காவின் ஸ்கூட்டியில் மாரண்டஹள்ளி சாலையில் போனோம். நஞ்சப்பன் ‘தோட்டக்கூடை’யின் முதல் வருடச் சந்தாதாரர். மாதா மாதம் குறை சொல்லி போன் செய்கிறவர். அவரிடம் கேட்டால் உண்மை தெரியும் என்றார் அக்கா.

ஆறரை மணிக்குப் பறிப்பு பாதி முடிந்திருந்தது. வரப்பில் தக்காளி நிரப்பிய பிளாஸ்டிக் கிரேடுகள் அடுக்கியிருந்தன. நஞ்சப்பன் ஒரு கிரேடைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு வந்தார்.

“வாம்மா சசி. சந்தா முடிஞ்சு போச்சுன்னு ஆளையே நேர்ல அனுப்பிட்டாங்களா?”

“சந்தா இல்லண்ணா. டேப்புல இதழ் பாக்கறீங்களான்னு கேக்க வந்தேன்.”

“பாக்காம? மாசமானா தொறக்கறேன்.”

“கடைசி வரைக்கும் பாக்கறீங்களா?”

நஞ்சப்பன் வேறு பக்கம் பார்த்தார். செடி வரிசைக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அவர் மனைவி மாதம்மாள்.

“கேளு சசி, நல்லா கேளு. மொத நாளு உங்கண்ணன் டேப்பக் குப்புறப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தாரு.”

“ஏய், சும்மா இருக்க மாட்ட?”

“பின்னாடி எலை இருக்கும்னு சொன்னாங்களேன்னு திருப்பித் திருப்பிப் பாக்கறாரு. கேமராதான் இருந்துச்சு.”

நான் சிரித்துவிட்டேன். நஞ்சப்பனும் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. “அப்பறம்?” என்று கேட்டார்.

“அப்பறம் என்னா. பையனுக்குப் போன் போட்டேன். முப்பத்திரெண்டு பக்கம் தள்ளிக்கிட்டே போங்கப்பான்னான்.”

“தள்ளிக் காட்டுங்கண்ணா.”

மோட்டார் ரூமிலிருந்து டேப்பை எடுத்து வந்தார். அதன்மேல் பிளாஸ்டிக் கவர் சுற்றியிருந்தது. கவரைப் பிரித்து விரலை வைத்தார். அந்த விரல்களை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். தக்காளிச் செடியைத் தொட்டுப் பறித்தால் விரலில் பச்சையாக ஒரு கறை ஏறும். ஏற ஏறக் கறுத்து, கடைசியில் பிசின்போல ஒட்டிக்கொள்ளும். சோப்புக்குப் போகாது. ஒரு தக்காளியைப் பிழிந்து தேய்த்தால்தான் போகும். அவருடைய பத்து விரலும் தார் பூசியதுபோல இருந்தன.

தள்ளினார். பக்கம் நகரவில்லை. அழுத்தித் தள்ளினார். மூன்று பக்கம் தாண்டிக் குதித்தது. பின்னால் தள்ளினார், அசையவில்லை. பிறகு பழகியவர்போல டேப்பைக் கிரேடின்மேல் வைத்து, முழங்கையால் தள்ளினார். ஒரு பக்கம் நகர்ந்தது.

“இது முழங்கைக்குத்தாம்மா மரியாத குடுக்குது. முப்பத்திரெண்டு தடவ முழங்கைல தள்ளி எலையக் கண்டுபுடிக்கறதுக்குள்ள செடி காஞ்சு போயிரும்.”

“எலையெல்லாம் முன்னாடி கொண்டாந்து வெச்சுட்டா?”

“இருவது எலை வெச்சிருக்கற. அதுவும் ஒண்ணொண்ணா தள்ளணுமில்ல? ஒரு கையில எலையப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில டேப்பப் புடிச்சுக்கிட்டு, மூக்குலயா தள்ளறது?”

“அதையும் பண்ணிப் பாத்தாரு” என்றார் மாதம்மாள். “டேப்புல பூரா மூக்குதான்.”

அக்கா டேப்பை வாங்கித் துடைத்துக் கவரில் சுற்றினார். திருப்பி வைக்க மோட்டார் ரூமுக்கு அவரே போனார். நானும் பின்னால் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மேல் ஓர் ஆணியில் நாள்காட்டி தொங்கியது. தினம் ஒரு தாள் கிழிப்பது. அதற்கு அடியில் மேடையில் ‘தோட்டக்கூடை’யின் பழைய இதழ்கள், எல்லாம் பின்னட்டை மேலாக. நாள்காட்டியில் அன்றைய தேதி சரியாக இருந்தது.

“இத்தன காலைல யாருங்கக்கா தாள் கிழிச்சது?” என்று கேட்டார் அக்கா.

“நாந்தான்” என்றார் வாசலில் நின்ற மாதம்மாள். “மோட்டார் போட வர்றப்ப கிழிப்பேன். அப்பத்தான் கை சுத்தமா இருக்கும். நல்ல நேரம், ராசிபலன், அடியில ரெண்டு வரி. நின்னுக்கிட்டே படிச்சிட்டுப் போயிருவேன். என் படிப்பு அவ்ளோதான்.” பிறகு சாதாரணமாகச் சொன்னார்: “உன் இதழ் ஒரே நாள்ல ஒரு மாசத்தையும் தலைல கொட்டுது சசி. இதாட்டம் தெனத்துக்கு ஒண்ணா அதுவா வந்துச்சுன்னா பாக்கலாம்.”

அக்கா அந்த நாள்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது நஞ்சப்பன் ஒரு பை நிறையத் தக்காளி கொடுத்தார். அதை வாங்கவும் மறந்துபோனார். நான்தான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

பாதி வழியில் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தினார்.

“தமிழு, பில்லுல தேதி இருக்குமில்ல?”

எனக்கு முதலில் விளங்கவில்லை.

“பில் புக்குல வெச்ச எலைங்கப்பா. ஒவ்வொண்ணும் ஒரு பில்லுக்கு அடியில இருக்குது. பில்லுல தேதி இருக்குது. எந்த எலை எந்த நாள்ல கடைக்கு வந்துச்சுன்னு என் கையாலயே எழுதி வெச்சிருக்கறேன்.”

பதினோரு வருடத் தக்காளி நோய்கள், தேதி வாரியாக. அது தன்னிடம் இருப்பது அவருக்கே அதுவரை தெரியாது.

கடைக்கு வந்ததும் முருகேஷுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்.

“பக்கம் தள்ளற வேலையே இருக்கக் கூடாது முருகேசு. தொறந்தா அன்னைக்கு எலை நிக்கணும். அடியில மூணு வரி. மறுநா காலைல நாலு மணிக்கு அதுவா அடுத்தது வரணும்.”

“அக்கா, அது மேகசின் இல்லக்கா. காலண்டர்.”

“நீ பண்ணு. பேரு நான் வெச்சுக்கறேன்.”

“அஞ்சு மாசமா பக்கம் பொரளற மாதிரி சத்தமெல்லாம் வெச்சுக் குடுத்தேனேக்கா...”

“சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு சாமி. கேக்கத்தான் ஆளில்ல.”

செப்டம்பர் முழுக்க பில் புக்குகளைப் பிரித்தோம். ஜெராக்ஸ் கடையில் காற்றாடியை நிறுத்திவிட்டுத்தான் பிரிக்க முடிந்தது. தொட்டால் பொடியாகும் இலைகள். கார்பன் நகலின் நீல எழுத்து சில இலைகளின் மேலேயே பதிந்திருந்தது. ஓர் இலையின் மேல் யாரோ ஒருவரின் பெயரில் பாதி. கட்டுரைகளெல்லாம் அச்சு இதழுக்கே என்று அக்கா முடிவு செய்துவிட்டார். அதனால் அந்த மாத அச்சு இதழ் சொன்ன தேதிக்கு வந்துவிட்டது. மாதவராஜ் அண்ணன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எங்களோடு உட்கார்ந்து தேதி படித்துச் சொன்னார்.

அக்டோபருக்கு முப்பத்தொரு நாள். இருபத்தெட்டு நாளுக்கு இலை கிடைத்தது. இரண்டாம் தேதி எந்த வருடமும் கடை திறந்ததில்லை. பதினேழுக்கும் இருபத்து மூன்றுக்கும் ஏனோ ஒருவரும் இலை கொண்டுவரவில்லை.

“மூணு நாளு காலி” என்றார் அக்கா. “தமிழு, உன் சரக்க வையி. மூணே மூணு. நாலாவது வெச்சீன்னா எலை கோச்சுக்கும்.”

அக்டோபர் முதல் தேதி காலையில் நான் கடைக்குப் போனபோது அக்கா எனக்கு முன்பே வந்திருந்தார். டேப் மேசைமேல் இருந்தது. ஓர் இலை, ஓரம் சுருண்டு, நரம்பு ஊதாவாக. அடியில் மூன்று வரி. யார் யார் திறந்தார்கள் என்பது மாலையில்தான் தெரியும். பகலெல்லாம் அக்கா ஜெராக்ஸ் எடுத்தார். கேட்டவர்களுக்குக் கேட்டபடி எடுத்தாரா என்று நான் கவனிக்கவில்லை.

மாலையில் வந்த கணக்கு முப்பத்தெட்டு.

“அம்பது இல்ல” என்றார் அக்கா.

“மாசம் முடியலயே” என்றார் மாதவராஜ்.

ஒன்பதாம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு அக்காவுக்கு நஞ்சப்பனிடமிருந்து போன். முந்தின மூன்று நாளும் மழை. அந்தப் பேச்சை அக்கா எனக்கு அவர் குரலிலேயே சொல்லிக்காட்டினார்.

“சசி, இன்னைக்கு எலைல வட்டம் வட்டமா இருக்குதே, ஒண்ணுக்குள்ள ஒண்ணு?”

“ஆமாண்ணா. கருகல். மழைக்கு அப்பறம் வரும்.”

“என் காட்டுலயும் அதே. அடி எலைல மட்டும். கண்ணாடி மேலயே வெச்சுப் பாத்தேன். உன் எலையும் என் எலையும் அண்ணந்தம்பியாட்டம் இருக்குதும்மா. எப்பிடிம்மா இன்னைக்குன்னு பாத்து வெச்ச?”

“நான் வெக்கலண்ணா. பன்னெண்டு வருசத்துக்கு முந்தி இதே ஒம்பதாந்தேதி ஒருத்தரு கடைக்குக் கொண்டாந்தாரு.”

“யாரு?”

“பில்லுல உங்க பேருதாண்ணா இருக்குது.”

நஞ்சப்பன் உடனே, “அப்ப அன்னைக்கு என்னா அடிச்சேன்னும் அதுலயே இருக்குமே?” என்று கேட்டிருக்கிறார். இருந்தது. அது அப்போது பலித்ததா என்று அக்கா கேட்டார். பலிக்கவில்லை என்றார். “அப்ப அது வேண்டாம்ணா. அடி எலையெல்லாம் கிள்ளி வெளிய போட்டுட்டு, கீழ இருக்கற மூணு வரியப் படிங்க” என்றார் அக்கா.

அந்தக் கதையை நஞ்சப்பன் மண்டியில் எத்தனை பேரிடம் சொன்னாரோ தெரியாது. பத்தாம் தேதி எண்பத்தொரு பேர் திறந்தார்கள். இருபதாம் தேதி நூற்றுப் பத்து. முப்பத்தோராம் தேதி, மாதத்தின் கடைசி இலைக்கு, நூற்று இருபத்தாறு.

மாதவராஜ் அண்ணன் கணக்கை இரண்டு முறை பார்த்தார்.

“இது கள்ளாட்டம் சசி. கடைசிப் பக்கத்துக்கு அவங்க எங்க போனாங்க? கடைசிப் பக்கமில்ல அவங்ககிட்ட போயிருக்குது.”

“தொறந்தது அவங்க கைதானுங்களே?”

“மொழங்கையாக் கூட இருக்கலாம்” என்றார். பிறகு எழுந்துபோய், கடையின் சுவரில் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, அக்காவின் டேப்பை அதில் மாட்ட என்ன வழி என்று பார்க்க ஆரம்பித்தார்.

நவம்பர் முதல் வாரத்தில் நஞ்சப்பனும் மாதம்மாளும் பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் நகல் எடுக்கக் கடைக்கு வந்தார்கள். மாதம்மாள் கூடையிலிருந்து டேப்பை எடுத்து அக்காவிடம் நீட்டினார். பதினேழாம் தேதிப் பக்கத்தில் மருந்துப் பெயரே இல்லை, எழுதியவன் மறந்துவிட்டான் போலிருக்கிறது, ஆனால் நன்றாக இருந்தது, அதை மறுபடி எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். நான் ஜெராக்ஸ் இயந்திரத்தில் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா என் பக்கம் திரும்பவில்லை. பின்னால் எப்படித் தள்ளுவது என்று மாதம்மாளுக்குக் காட்டினார், அவர் கை சுத்தமாக இருந்தது.

காட்டி முடித்துவிட்டு, பழக்கம் போகாமல், டேப்பைக் குப்புறத் திருப்பினார் அக்கா.

பின்னால் ‘தோட்டக்கூடை’யின் பழைய பின்னட்டை ஒன்றை அளவாகக் கத்தரித்து ஒட்டியிருந்தது. கேமராவுக்கு மட்டும் ஓர் ஓட்டை விட்டிருந்தார்கள்.

“உங்கண்ணன் வேலைதான்” என்றார் மாதம்மாள். “தெனமும் ஒருதரம் திருப்பிப் பாக்கறாரு. எதுவும் இல்லன்னா அவுருக்கு ஒரு மாதிரியா இருக்குதாம்.”

நஞ்சப்பன் ஜெராக்ஸ் இயந்திரத்தின் வெளிச்சம் போவதையும் வருவதையும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.